பவானியின் கையில் எஸ்தரின் வாட்ச்

நாளைக் காலையில் உங்கள் பைகளில் வாட்சுகளைப் போட்டுக் கொடுத்து ஊர்களுக்கு அனுப்புவார்கள். அவற்றுக்குச் சார்ஜ் போடுவது, டேப்லெட்டுடன் இணைப்பது, வாரம் ஒருமுறை பதிவுகளை இறக்குவது எல்லாம் பயிற்சியிலேயே வந்திருக்கும். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நான்கு நல்ல வார்த்தை பேசும்படி என்னைக் கேட்டார்கள். நல்ல வார்த்தை என்னிடம் அதிகம் இல்லை. அதனால் பேசாமல் எழுதித் தருகிறேன். தினமும் டைரி எழுதுகிற பழக்கம் உள்ளவள் என்பதால், எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதில் எனக்குக் குழப்பம் கிடையாது.

நான் கள மேற்பார்வையாளராக இருந்த கடைசி ஆய்வு, கையில் கட்டும் வாட்சைக் கொண்டு இதயத் துடிப்பில் ஒழுங்கு தவறுகிறதா என்று பார்ப்பது. அதுவரை இப்படிப்பட்ட ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் நகரத்துக்காரர்கள், நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள், வாட்ச் வாங்கக்கூடியவர்கள். இந்த முறை எல்லாத் தரப்பு மக்களும் இருக்கவேண்டும் என்று பணம் கொடுத்தவர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் உத்திரமேரூரில் எங்கள் கோயில் தெருவையும் அதைச் சுற்றிய தெருக்களையும் எடுத்துக்கொண்டோம். ஆசிரியர்கள், ஆபீசில் இருப்பவர்கள், கோயில் கைங்கரியத்தில் இருப்பவர்கள் ஒரு பாதி. மறுபாதிக்கு, ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனி. அங்கே அநேகமாக எல்லோரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். சொந்த நிலம் யாருக்கும் இல்லை.

விதி எளிமையானது. துடிப்பு ஒழுங்கு தவறினால் வாட்ச் அதிர்ந்து, சிவப்பு விளக்கு எரியும். ஒரு தடவை எரிந்தால் கணக்கில்லை. கை அசைவால்கூட அப்படி ஆகலாம். இன்னொரு நாளும் எரிந்தால், ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேன் வந்து அவரைச் சென்னைக்கு அழைத்துப் போகும். ஆய்வோடு ஒப்பந்தம் செய்துகொண்ட ஆஸ்பத்திரியில் இதய ஸ்கேனும் வைத்தியமும் இலவசம்.

முதல் வாரத்திலேயே இரண்டு இடத்திலும் சிக்கல்.

எங்கள் தெருவில் காலையில் குளித்து மடியாக இருக்கும் நேரத்தில் வாட்சைக் கழற்றி வைத்துவிட்டார்கள். ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டு பூஜைக்கு உட்கார மாட்டோம் என்றார்கள். சிலர் மத்தியானம் வரை திரும்பக் கட்டவில்லை. பதிவில் தினமும் பெரிய ஓட்டை. இதை அலுவலகத்துக்கு எழுதினேன். ஒரே நாளில் பதில் வந்தது: அது அவர்களுடைய வழக்கம், மதிக்கவேண்டும், காலை நேர இடைவெளியை ஏற்றுக்கொள்ளலாம் என்று விதியைத் திருத்தி அனுப்பினார்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது.

காலனியில் வேறு மாதிரி. நடவு நேரம். பெண்கள் செட்டாகச் சேர்ந்து, புடவைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு, கூலிக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் அனுப்பும் மினி லாரியில் காவாந்தண்டலம் பக்கம் நடவுக்குப் போவார்கள். நாள் முழுக்கக் குனிந்து பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருப்பவர்களை வாட்ச் நடப்பவர்களாகவே எண்ணவில்லை. உட்கார்ந்தே இருக்கிறார் என்று முடிவு செய்து, எழுந்து சற்று நடக்கும்படி படம் காட்டியது. அன்று நான் வரப்பில் நின்றிருந்தேன். செட்டுக்கு மேஸ்திரி முனியம்மா. சேற்றுக் கையைத் தூக்கிப் படத்தைப் பார்த்துவிட்டு, என்ன சொல்கிறது என்று கேட்டாள். சொன்னேன்.

"ஏஜென்டு ஒருத்தன் வரப்புல நின்னுகினு கத்தறது போதாதுன்னு, கையில வேற ஒருத்தன கட்டி வுட்டுட்டீங்கோ மேடம்" என்றாள்.

செட்டு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்தவர்களில் ஒருத்தி எஸ்தர். அவளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

எஸ்தருக்கு ஐம்பது நெருங்கும் வயது. புருஷன் இல்லை, மகள் கல்யாணமாகி வேலூர்ப் பக்கம் போய்விட்டாள். சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கி மாசக்கணக்கில் ஊசி போட்டார்களாம். இப்போது ஏரிக்கரை மேடு ஏறும்போது நடுவில் ஒருமுறை நிற்பாள். ஏன் நிற்கிறாய் என்று யாராவது கேட்டால், செருப்பில் முள் என்பாள். நான் வாட்ச் கட்டியபோது காலனியில் எல்லோரும் அதன் விலையைக் கேட்டார்கள். அவள் மட்டும் வேறு கேட்டாள்.

"இதுல எதுனா தப்பா வந்தா, யாரு பாப்பாங்கோ மேடம்?"

சென்னை ஆஸ்பத்திரியையும் வேனையும் பற்றிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டாள். செட்டில் அவள் ஒருத்திதான் ஞாயிறு காலையில் சர்ச்சுக்குப் போகிறவள். அன்றைக்கு மட்டும் அவள் இல்லாவிட்டால் ஏஜென்ட் ஒன்றும் கேட்க மாட்டான்.

நடவில் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, செட்டு சமமாகப் பிரித்துக்கொள்ளும். ஒருத்தி கை தளர்ந்தால் மற்றவர்கள் அவள் பங்கையும் சேர்த்து நட்டுவிடுவார்கள். அதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஏஜென்டுக்குச் சீக்காளி ஆகாது. முந்தின வருஷம் வேறொரு செட்டில் ஒரு பெண் வயலிலேயே மயங்கி விழுந்தாள். நிலத்துக்காரர் சத்தம் போட, ஏஜென்ட் அந்தச் செட்டையே அந்தப் போகம் முழுக்க லாரியில் ஏற்றவில்லை. இதெல்லாம் காலனியில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. கேட்கவேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. எங்கள் படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இல்லை.

எஸ்தரின் வாட்சில் முதல் வாரமே ஒருமுறை சிவப்பு விளக்கு எரிந்திருந்தது. பதிவை இறக்கும்போது பார்த்தேன். இரண்டாவது வந்தால் வேனுக்குச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதற்கு அடுத்த வாரங்களில் அவள் பதிவு கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. வழக்கமாகக் காலனிப் பதிவுகள் மங்கலாகத்தான் வரும். கறுத்த தோலில், சேறும் வேர்வையும் சேர்ந்த கையில், வாட்சின் வெளிச்சம் சரியாகப் படிக்காது. பட்டையை இறுக்கிக் கட்டச் சொல் என்பார்கள் அலுவலகத்தில். இவள் பதிவு மட்டும் தெளிவாக வருகிறது என்று அலுவலகத்தில் பாராட்டுக்கூட வந்தது.

பிறகு ஒரு மாலை, பதிவுகளை வரிசைப்படுத்தும்போது இரண்டு கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். மேலே எஸ்தர். கீழே பவானி, அதே செட்டில் இருபத்திரண்டு வயதுப் பெண், எஸ்தரின் நாத்தனார் மகள். காலையில் இரண்டும் சேர்ந்து ஏறின. நாஷ்டா நேரத்தில் சேர்ந்து இறங்கின. எங்கோ எதற்கோ பவானியின் இதயம் திடுக்கிட்ட ஒரு நிமிஷத்தில் எஸ்தரின் இதயமும் திடுக்கிட்டிருந்தது. இரண்டு பேருக்கு அப்படி அமையாது. அது ஒரே இதயம்.

மறுநாள் காலையில் காவாந்தண்டலம் போனேன். செட்டு கரையேறி நாஷ்டா சாப்பிட உட்கார்ந்திருந்தது. பவானியைத் தனியாகக் கூப்பிட்டு, சட்டைக் கையை மேலே ஏற்றச் சொன்னேன். அவள் முனியம்மாவைப் பார்த்தாள். முனியம்மா தலையசைத்த பிறகு ஏற்றினாள். இடது மணிக்கட்டில் அவளுடைய வாட்ச். வலது கையில், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, சேறு படாத இடத்தில், எஸ்தருடையது.

யாரும் பதறவில்லை. முதல் வாரம் நடவின் நடுவில் எஸ்தர் கையில் அது அதிர்ந்து சிவப்பு எரிந்ததாகவும், நல்லவேளை ஏஜென்ட் டீ குடிக்கப் போயிருந்தான் என்றும் பவானி சொன்னாள். அன்று சாயந்தரமே செட்டு பேசி முடிவெடுத்துவிட்டது. கழற்றி வீட்டில் வைத்தால் நாங்கள் கண்டுபிடித்து வந்து கேட்போம். அதனால் யாருக்கு நெஞ்சு கெட்டியோ அவள் கட்டிக்கொள்வது. பவானி தானாகவே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லையாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சின்னப் பெருமை இருந்தது. அத்தைக்குத் தன்னால் ஆன உதவி.

அப்படிச் செய்வது தவறு, பதிவு பொய்யாகிவிடும் என்று நான் ஆரம்பித்தேன். முனியம்மா கையிலிருந்த இட்லிப் பொட்டலத்தை மடித்து வைத்தாள்.

"உங்க தெருவுல கயட்டி வெச்சிட்டு சாமி கும்புட்றாங்கோ. அத்த ஒத்துக்கினீங்கோல்ல? நாங்கோ கயட்டவே இல்ல மேடம். ஆளு மட்டுந்தான் மாத்திக்கினோம்."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அங்கே பதிவு இல்லை, இங்கே இருப்பது வேறொருத்தியின் பதிவு, இரண்டும் ஒன்றல்ல. இன்றைக்கும் அந்தப் பதில் சரிதான். ஆனால் அந்த வரப்பில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எஸ்தர் சற்றுத் தள்ளி வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் போனேன். இங்கே நான் என்னவெல்லாம் யோசித்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாளை நீங்களும் இப்படி ஒரு வரப்பில் நிற்பீர்கள்.

ஒன்றும் சொல்லாமல் வாட்சை அவள் கையிலேயே மாற்றிக் கட்டி, இரண்டாவது சிவப்பு விளக்குக்குக் காத்திருக்கலாம். ஆனால் அது வயலில், ஏஜென்ட் கண் முன்னால் எரியும். பவானி கையிலேயே விட்டுவிடலாம். அப்போது எஸ்தருக்கு நெஞ்சில் ஒன்றுமில்லை என்று ஆய்வு முடியும். காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம். அதற்கு வேலை நாளில் இரண்டு மூன்று முறை போகவேண்டும். நடவு முடியும்வரை தன்னால் முடியாது என்றாள். மிச்சம் இருந்தது அலுவலகம். நடந்ததை உள்ளபடி எழுதி, முதல் சிவப்பு விளக்கே உண்மையானது, இவளை உடனே ஞாயிறு வேனில் அனுப்புங்கள் என்று கேட்பது. இதில் பொய் இல்லை. அவள் வேலையும் போகாது. அவளுக்கு ஸ்கேனும் நடக்கும். எப்படிப் பார்த்தாலும் அதுவே சரியான வழியாகத் தெரிந்தது. அவளிடம் விளக்கினேன்.

அவள் கால் கழுவி முடித்துக் கரையேறினாள். "எயுதிக்கோங்கோ. சர்ச்சுக்குப் போறேன்னு சொல்லிக்கினு வந்துட்றேன். செட்டு பேரு மட்டும் வராம எயுதுங்கோ மேடம். எனக்கோசரம்தான் பண்ணாங்கோ."

அப்படியே எழுதினேன். எஸ்தர், பவானி இருவர் விஷயம் மட்டும். முனியம்மா பெயரோ செட்டோ அதில் இல்லை. பதில் வரும்வரை வாட்ச் பவானி கையிலேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

எங்கள் தலைமை ஆய்வாளரைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இந்த வேலையில் எனக்குத் தெரிந்தது முக்கால்வாசி அவர் கற்றுக்கொடுத்தது. வீட்டுக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்று, கொடுத்த தண்ணீரைக் குடி, பதிலை எதிர்பார்த்துக் கேள்வி கேட்காதே என்று சொல்லிக் கொடுத்தவர். அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என்னைக் கூப்பிட்டு, கண்டுபிடித்ததற்குப் பாராட்டினார். பிறகு சொன்னார்: "ஒரு ஜோடியை நீங்க கண்டுபிடிச்சிருக்கீங்க. கண்டுபிடிக்காதது எத்தனைன்னு என்னால எப்படிச் சொல்ல முடியும்? அந்தக் காலனி டேட்டா மொத்தத்தையும் எடுத்துடறதைத் தவிர வழியில்லை."

மற்ற பதிவுகளை நானே ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன், வேறு ஜோடி இல்லை என்றேன். நம்பிக்கை போய்விட்டால் போனதுதான் என்றார். கோயில் தெருவுக்கு விதியைத் திருத்தியதை நினைவுபடுத்தினேன். அங்கே குறைந்திருப்பது நேரம், இங்கே குறைந்திருப்பது உண்மை என்றார். அதுவும் சரிதான். நான் வரப்பில் சொல்லாமல் விட்ட பதிலையே அவர் நன்றாகச் சொன்னார். அப்படியானால் எல்லாத் தரப்பும் இருக்கவேண்டும் என்பது என்ன ஆகும் என்று கேட்டேன். சேர்க்கும்போது அவர்களைச் சேர்த்தோமே, அது பதிவாகியிருக்கிறது, அதற்குப் பாதகம் வராது என்றார்.

கடைசியாக எஸ்தரைப் பற்றிக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரியுடனான ஒப்பந்தம் ஆய்வில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். ஆய்விலிருந்து நீக்கிய ஒருவரை அனுப்ப அவருக்கு அதிகாரம் இல்லை. மறுபடி சேர்க்கலாமா என்றேன். சேர்க்கை முடிந்துவிட்டது. வேறு வழியில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார்.

வாட்சுகளைத் திரும்ப வாங்க அலுவலகத்திலிருந்து ஜீப் வந்தது. ஒரு வாரம் பொறுத்து, வீடு வீடாக நானே வாங்கி வருகிறேன் என்று கேட்டிருந்தேன். கருவிகள் அடுத்த ஊருக்கு உடனே வேண்டும் என்றார்கள். லாரி கிளம்பும் விடியற்காலையில் போனால்தான் எல்லோரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள் என்று, அந்த நேரத்துக்கே போனார்கள்; நானும் கூடப் போனேன். ஏஜென்ட் லாரி மேல் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தான். ஏன் வாங்குகிறீர்கள் என்று கேட்டான். உடன் வந்த புதுப் பையன் ஒருவன், உங்கள் வயதில் இருப்பான், ஒளிவுமறைவு தெரியாதவன், ஒருவர் வாட்சை இன்னொருவர் கட்டியிருந்தார்கள் என்று சொன்னான். யாருடையதை என்று ஏஜென்ட் கேட்கவில்லை. பவானி கையிலிருந்து இரண்டு வாட்ச் இறங்குவதையும், எஸ்தர் வெறுங்கையோடு நிற்பதையும் அவனே பார்த்துக்கொண்டான்.

அன்று எஸ்தர் லாரியில் ஏறவில்லை. வயலில் வியுந்தா நான் பதில் சொல்ல முடியாது, வூட்டுக்குப் போம்மா என்று அவன் மரியாதையாகத்தான் சொன்னான். முனியம்மா சண்டை போட்டாள். அப்படியானால் மொத்தப் பேரும் இறங்கிக்கொள்ளுங்கள், தென்னேரிப் பக்கத்திலிருந்து ஒரு செட்டு காத்திருக்கிறது என்றான். முனியம்மா என் பக்கம் திரும்பினாள். ஏதாவது திட்டுவாள் என்று நின்றேன். அவள் லாரியில் ஏறி, தார்ப்பாய் ஓரமாக எஸ்தருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். லாரி போனபிறகு எஸ்தர்தான் என்னிடம் பேசினாள்.

"அப்ப ஞாயித்துக்கெயம வண்டி வராதா மேடம்?"

வராது என்றேன்.

அவளைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இப்போது அவளுக்கு எல்லா நாளும் ஓய்வுதானே. அங்கே டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். சின்ன வயதில் வந்த அந்த மூட்டு வீக்கத்தால் இதய வால்வு சுருங்கியிருக்கலாம் என்று சொல்லி, மாத்திரை எழுதி, ஸ்கேனுக்கு ஒரு தேதி கொடுத்தார். கனமான வேலை கூடாது என்றார். திரும்பும் வழியில் பஸ்ஸில் எஸ்தர் கேட்டாள்: குனிந்து நடுவது கனமான வேலையா, உட்கார்ந்த வேலையா? உங்கள் வாட்ச் உட்கார்ந்திருப்பதாகத்தானே சொன்னது? கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். 

ஸ்கேன் தேதி வருவதற்கு முன்பே, ஒரு காலையில் குழாயடியில் குடத்தைத் தூக்கும்போது அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போயிற்று. ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இறந்தாள்.

அடக்கத்துக்குப் போனேன். செட்டு முழுக்க அன்று வேலைக்குப் போகவில்லை. என்னை யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் கொண்டுவந்து போட்டார்கள்.

ஆய்வறிக்கை பிறகு வந்தது. அதில் பல்வேறு சமூகப் பிரிவினரும் சேர்க்கப்பட்டனர் என்று ஒரு வரி இருக்கிறது. அது பொய் அல்ல. முடிவுகள் எங்கள் தெருவையும் அடுத்த தெருக்களையும் வைத்து எழுதப்பட்டவை. வாட்ச் நன்றாக வேலை செய்கிறது என்று அவை சொல்கின்றன. என் மாமியாருடைய துடிப்பும் அதில் இருக்கிறது, காலைப் பூஜை நேரம் நீங்கலாக. அந்த வருஷக் கடைசியில் நான் வேலையை விட்டேன்.

உங்களுக்கு இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துத் தரவேண்டும் என்று ரொம்ப நாள் யோசித்தேன். விதி யாருக்காக வளைகிறது, யாரிடம் வரும்போது நிமிர்ந்துகொள்கிறது என்று கவனியுங்கள் என்று சொல்லலாம். நான் கவனித்தேன். எடுத்தும் சொன்னேன். அதனால் எஸ்தருக்கு ஒரு பயனும் இல்லை. வாட்ச் கட்டும்போது உங்களையும் யாராவது, இதில் எதுனா வந்தா யாரு பாப்பாங்கோ என்று கேட்பார்கள். எனக்குச் சொல்லிக் கொடுத்த பதிலை நான் சொன்னேன். உங்களுக்கும் ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

வேலையை விட்டபிறகு ஒருமுறை பவானியை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பார்க்காதது போலப் போய்விடுவாள் என்று நினைத்தேன். நேரே வந்தாள். நலம் எதுவும் விசாரிக்கவில்லை. ஒன்று கேட்கவேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்ததாகச் சொன்னாள்.

"நான் கட்டிக்கினு இருந்த அந்த வாட்சு, எங்க அத்த பேருலதான மேடம் கம்ப்யூட்டர்ல ஏறிச்சி?"

ஆமாம் என்றேன்.

"அந்தப் பதிவ அயிச்சிட்டாங்களா?"

அழிக்கவில்லை. கணக்கில் எடுக்கமாட்டார்கள், ஆனால் எதையும் அழிக்கமாட்டார்கள். தனியாக ஒரு இடத்தில் அப்படியே வைத்திருப்பார்கள். அதை அவளிடம் சொன்னேன்.

அவள் தன் வலது கையை, முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, இடது கையால் பிடித்துக்கொண்டாள். பஸ் வந்துவிட்டது. ஏறுவதற்கு முன் திரும்பினாள்.

"அப்ப அதுல அத்த நல்லாத்தான் கீது, இல்ல மேடம்?"

நல்லாத்தான் இருக்காங்க என்றேன்.